ஜோடி மாறிய ட்வீட்டர்

அத்தியாயம் 4

"ரெண்டு ட்வீட்டர் காணாமப் போனதால கல்யாணம் நின்னுபோச்சுன்னு யார்கிட்டயாவது சொல்ல முடியுமா?" என்றாள் ரேணுகா.

சொல்ல முடியாதுதான். ஆனால் நான் அதைவிடச் சின்னக் காரணங்களுக்கு நின்ற கல்யாணங்களைப் பார்த்தவள். சொல்லப்போனால் அதுதான் என் தொழில். மாப்பிள்ளை சொன்ன வேலையில் இருக்கிறாரா, சொல்லாத பழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து அறிக்கை கொடுப்பேன். பாதி சம்பந்தங்கள் அந்த அறிக்கையோடு முடிந்துவிடும். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு தையல் கடைக்கு மேல் 'மைதிலி புலனாய்வு மையம்' என்ற பலகை தொங்குகிறது. ஒரு கல்யாணத்தை நடத்திக் கொடுக்கச் சொல்லி அந்தப் படியேறி வந்த முதல் ஆள் ரேணுகா. அதனாலேயே எனக்கு இந்த வழக்கில் உள்ளூரப் பயம் இருந்தது. பழக்கமில்லாத வேலை.

நாங்கள் நின்றிருந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில், அவளுடைய அப்பா லட்சுமணன் வீட்டுக் கூடத்தில். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போகப்போகும் வீடு சின்னது. அதனால் இடுப்புயரம் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் விற்க முடிவு செய்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் எண்பதுகளில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. பெட்டியின் மேல்பகுதியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். ஜால்ரா, சலங்கை, வயலினின் உச்சிக் கீச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். அந்தப் பெட்டிகளில் விலை போகக்கூடிய பொருளே அதுதான் என்று லட்சுமணனுக்கே போன மாதம்தான் தெரியும். அந்த ஜோடியை விற்ற காசில் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாமாம்.

நடந்ததை வரிசைப்படுத்திக்கொண்டேன். காட்டுப்பாக்கத்தில் பழைய ஆடியோ சாமான்களை வாங்கி விற்கும் சுப்பராயன் என்பவர் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார். புதன்கிழமை ஆயுத பூஜை. வியாழக்கிழமை உதயகுமார் வந்து ஒயர்களைக் கழற்றி, பெட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தான். நேற்று, வெள்ளிக்கிழமை, சுப்பராயன் வண்டியோடு வந்தார். முன்பக்கத்து வலையைக் கழற்றியதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவை வேறு ட்வீட்டர்கள். கடைசியாகப் பெட்டியைத் தொட்டவன் உதயகுமார். அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுப்பராயன் போய்விட்டார்.

உதயகுமார்தான் மாப்பிள்ளை. சென்னீர்குப்பத்துக்காரன், இந்தக் குடியிருப்பில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். ரேணுகா வீட்டு மின்விசிறியை அவன் பலமுறை பழுது பார்த்திருக்கிறான். மின்விசிறியில் ஒரு பழுதும் இருந்ததில்லை என்று இரு வீட்டாருக்கும் பிறகுதான் புரிந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

"நான் அவரைத் திருடன்னு சொல்லவே இல்லம்மா," என்றார் லட்சுமணன். "பொருள் எங்கன்னு தெரியற வரைக்கும் தட்டு மாத்த வேண்டாம்னுதான் சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றேன்.

எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த தங்கவேல் பதில் சொன்னான். வேலு என் உதவியாளன், நாங்கள் வந்த ஆட்டோவும் அவனுடையதுதான். "நிறைய வித்தியாசம் கீதுக்கா. திருடன்னு சொன்னா போலீசு வரும். இப்பிடி சொன்னா ஒருத்தனும் வரமாட்டான், பொண்ணு கேக்கக்கூட."

லட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேணுகா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல பத்து பேர் வருவாங்க. வரலாமா கூடாதான்னு இன்னிக்கே சொல்லணும்," என்றாள்.

வேலு ஒரு ட்வீட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நேற்று மாலை முழுக்க ட்வீட்டர்களைப் பற்றிப் படித்திருந்தேன். படித்ததில் எவ்வளவு சரியாகப் புரிந்தது என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆகவே மெதுவாகப் பார்த்தேன். பின்பக்கம் தட்டையான கறுப்பு வளையக் காந்தம். இப்போது வரும் மலிவான எல்லா ஸ்பீக்கரிலும் இருப்பது. முன்பக்கத்துக் குமிழ் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் டிக்கென்றது.

"உங்களோடது எப்படி சார் இருந்தது?"

"பின்னாடி சின்ன எவர்சில்வர் காபி டம்ளரைக் கவுத்து வெச்ச மாதிரி காந்தம். முன்னாடி கறுப்பா, துணி மாதிரி."

பழைய அல்நிகோ காந்தம், பட்டுக்குமிழ். விலைக்கு அவைதான் காரணம். டூப்ளிகேட்டை மறுபடி பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ ஓட்டைகள் நான்கும் சரியாகப் பொருந்தின. மரத்தில் வெட்டியிருந்த வட்டப் பள்ளத்தில் விளிம்பு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. புதிதாக ஓட்டை போட்ட தடயமே இல்லை.

"வேலு, அளவு எடுக்காம உனக்குச் சட்டை தைக்க முடியுமா?"

"நம்ம ஆபீசு கீழ கீறாரே, அந்த டெய்லரு அளவெடுத்தும் அப்பிடித்தான் தைக்கிறாரு."

"உதயகுமார் பெட்டியை முதன்முதலா தொட்டது வியாழக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை காலைக்குள்ள இவ்வளவு சரியான அளவுல ஒரு ஜோடியை எங்கே போய்ப் பிடிச்சிருப்பான்? இது முன்னாடியே அளந்தவங்க வேலை."

லட்சுமணன் யோசித்தார். "சுப்பராயன் அளந்தாரு. மொத ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுப் பாத்தாரு. எங்களை எல்லாம் வெளிய போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. ஃபேன் சத்தம்கூட இருக்கக்கூடாதுன்னாரு. பெரிய ரசிகர்மா அவரு."

"என்ன பாட்டு போட்டுக் கேட்டார்?"

அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். ரேணுகா சொன்னாள்: "வெளிய ஒரு பாட்டும் கேக்கல."

"ரொம்ப மெதுவா வெச்சுக் கேட்டிருப்பாரு," என்றார் லட்சுமணன்.

"அவ்ளோ பெரிய ரசிகரா நைனா!" என்றான் வேலு.

*

வேலுவின் ஆட்டோவில் பூந்தமல்லி வழியாகக் காட்டுப்பாக்கம் போய்ச் சேரும் வரை எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தேன். அளந்தவர் எல்லாம் திருடர் இல்லை. பாட்டுப் போடாமல் மீட்டரை மட்டும் வைத்துச் சோதித்திருக்கலாம். உதயகுமாரும் எலக்ட்ரீஷியன்தான். விசிறி பழுது பார்க்க வந்த ஏதோ ஒரு நாளில் அவனும் அளந்திருக்கலாம். என் சந்தேகத்தின் விசேஷம் அது. யாரையும் விட்டுவைக்காது, முதலில் என்னையே பிடிக்கும்.

"யக்கா, உள்ள போயி இன்னா சொல்லப் போறோம்?"

"பழைய ட்வீட்டர் விக்க வந்திருக்கோம்னு."

"நம்மகிட்ட ஏது?"

"உன் ஆட்டோவுல பின்னாடி இருக்கே."

வேலுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கழற்றினான்.

மெட்ரோ தூண்களுக்கு எதிரே இருந்தது நாதமணி ஆடியோ. ஷட்டரில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் தார்ச்சாலையில் இருந்தது. உள்ளே ஆம்ப்ளிஃபையர், மீட்டர், கால்குலேட்டர், பணம் அனுப்பும் க்யூஆர் அட்டை என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. சுப்பராயன் நெற்றியிலும்கூட.

வேலு நீட்டிய ட்வீட்டரை அவர் இரண்டு விரலால் வாங்கினார்.

"காகிதம்," என்றார். "காகிதக் கூம்பு. எடைக்குப் போடுங்க."

"சார், பூந்தமல்லில ஏறுன சவாரி ஆவடி வர்ற வரைக்கும் ஆடிக்கினே வரும். இதுல அடிக்கிற பாட்டு அப்பிடி."

"அது பாட்டு இல்ல தம்பி, ரோடு."

நான் அடக்கமாகக் கேட்டேன். "வீட்டுல இன்னும் சில பழைய பெட்டி இருக்கு சார். எது நல்லது, எது மட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

விஷயம் தெரிந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், பூட்டிய கதவும் திறந்துகொள்ளும். சுப்பராயன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல கையில தூக்கிப் பாருங்க. சின்னதா இருந்து கனமா இருந்தா நல்லது. அப்பறம் திருப்பி காந்தத்தைப் பாருங்க. பட்டையா கறுப்பா இருந்தா சாதா. டப்பி மாதிரி உயரமா இருந்தா உள்ள அல்நிகோ இருக்கும், அதுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கான். கடைசியாத்தான் முகத்தைப் பாக்கணும். வெளிச்சத்தைச் சாய்வா விட்டுப் பாக்கணும். உலோகக் குமிழ்னா ஒரு விரல் பட்ட பள்ளம் இருந்தாலும் தொடாதீங்க. பட்டுக்குமிழ்னா..." அவர் குரல் தாழ்ந்தது. "பட்டுத்துணி மேல ஒரு பசை பூசியிருப்பான். எத்தனை வருஷமானாலும் முழுசா காயாது. தூசி விழுந்தா ஒட்டிக்கிட்டு அங்கயே இருக்கும். அதைத் துடைக்கவே கூடாது. துடைச்சா பசையும் சேந்து வந்துடும், விலை பாதியாயிடும். தூசியோட விக்கறவனை நம்பலாம். துடைச்சு விக்கறவனை நம்பவே கூடாது."

"அப்ப நம்ம தெருவுல கீற அத்தினி பேரும் யோக்கியந்தான்," என்றான் வேலு. அவன் பேசிக்கொண்டே அலமாரிப் பக்கம் நகர்ந்திருந்தான். சாமி படத்துக்குக் கீழே, பூத்துண்டால் எதையோ மூடி வைத்திருந்தது. "இது இன்னாது, இட்லியா?" என்று துண்டைத் தூக்கினான்.

"தொடாதே!"

அந்தச் சத்தம் கடைக்கு வெளியிலும் கேட்டிருக்கும். துண்டுக்கு அடியில் ஒரு ஜோடி ட்வீட்டர். கறுப்புப் பட்டுக்குமிழ். பின்னால், கவிழ்த்து வைத்த காபி டம்ளர்.

என் விசிட்டிங் கார்டை மேஜைமேல் வைத்தேன். சுப்பராயன் அதைப் படித்தார். அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது, ஆனால் சிரிப்பாக.

"லட்சுமணன் சார் அனுப்பின ஆளா? நல்லவேளை. நானே போன் பண்ண இருந்தேன். நேத்து சாயங்காலம் ஒருத்தன் இதைக் கொண்டாந்து வித்துட்டுப் போனான். யார் குடுத்ததுன்னு கேட்டேன். ஆவடியில ஒரு எலக்ட்ரீஷியன்னான். வேற கைக்குப் போயிடக் கூடாதேன்னு நானே வாங்கி வெச்சேன். அந்தப் பொண்ணு வாழ்க்கையை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

எவ்வளவு சுத்தமான கதை! திருடியவனின் ஊர், தொழில், பொருள், எல்லாம் பொருந்துகிறது. இந்தக் கதை பொய் என்று நிரூபிக்க என்னிடம் இருந்தது கேட்காத ஒரு பாட்டு மட்டும்தான். ரேணுகாவிடம் இதை அப்படியே சொல்ல வேண்டியிருக்கும். நேர்மையான அறிக்கை என்றால் அதுதான்.

வேலு என் காதருகில் குனிந்தான். "கல்யாணத்த நிறுத்தறதுல நமக்கு நல்ல கைராசிக்கா."

அப்போது என்னால் செய்ய முடிந்தது, இப்போதுதான் கற்றுக்கொண்டதைச் செய்து பார்ப்பது. தூக்கினேன். சின்னது, கனம். திருப்பினேன். டப்பி. வாசல் பக்கம் திரும்பி வெளிச்சம் சாய்வாக விழும்படி முகத்தைப் பார்த்தேன். குமிழ் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி, யாரும் தொடாத தூசி. நட்டநடுவில் மட்டும் மிளகளவு ஒரு மஞ்சள் புள்ளி. அதன் நடுவில் சிவப்பு. மற்றதிலும் அதே இடத்தில் அதேபோல.

"என்ன பாக்கறீங்க?" என்றார் சுப்பராயன்.

"தூசிதான் சார். தூசியோட இருந்தா நம்பலாம்னு சொன்னீங்களே."

அதற்குள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். கையில் பூஜைக்கு வைத்து மிச்சமான பொரிகடலைத் தட்டு. பெயர் புஷ்பா என்று வேலு தட்டை வாங்கிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டான். எந்த வீட்டிலும் அவனுக்கு முதலில் தெரியவருவது பெயரும் பலகாரமும்தான்.

"பொட்டு எல்லாம் ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கம்மா," என்றேன். "ஒண்ணுகூட வழியல. எதால வெச்சீங்க?"

"ஊதுவத்திக் குச்சி அடிப்பக்கத்தால," என்றார் புஷ்பா, மலர்ந்துபோய். "விரலால வெச்சா அப்பிக்கும்."

"இந்தச் சின்னதைக்கூட விடலையே!"

புஷ்பாவின் முகம் இறுகியது. "அத்த ஏன் கேக்குற கண்ணு. நல்ல நாளும் அதுவுமா இத்துக்குத்தான் அந்தக் கத்து கத்துனாரு என்னிய."

"புஷ்பா, உள்ள போ," என்றார் சுப்பராயன்.

"இன்னாத்துக்கு உள்ள போறது? மூணு நாளா மனசுல வெச்சிகினு கீறேன். கடையிலயே வெலை ஒசந்த சாமானுன்னு இவருதான் கொண்டாந்து சாமிக்கு முன்னாடி வெச்சாரு. பூசணிக்கா ஒடைக்க வாசலுக்குப் போனாரு. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டு இது ரெண்டத்த மட்டும் மொட்டையா உட முடியுமா? வெச்சேன். வந்து பாத்துட்டு, என்னமோ நான் அது கண்ணக் குத்திட்டா மாதிரி ஒரே கூச்சலு. சரி, ஈரத்துணியால தொடச்சிடுறேன்னேன். அதுக்கு அதுக்கு மேல கூச்சலு. தொடச்சா பாதி வெலை பூடுமாம்."

நான் ட்வீட்டரை மேஜைமேல் வைத்தேன்.

"இது எந்த நாள் நடந்ததும்மா?" என்றேன், நன்றாகத் தெரிந்தும். நான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள்.

"ஆயுத பூஜ அன்னிக்குத்தான். புதங்கெழம."

சுப்பராயன் க்யூஆர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன், "வியாழக்கிழமை உதயகுமார் திருடி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு வித்த பொருளுக்கு, புதன்கிழமையே உங்க வீட்டம்மா இங்க பொட்டு வெச்சிருக்காங்க."

"பீரோவுல வெச்சுப் பூட்டிகினு இருந்தா தப்பிச்சிருக்கலாம் மாமே," என்றான் வேலு, பொரியை அள்ளியபடி. "திருடுன சாமானுக்கும் சாமி அருள் வேணும்னு நெனச்ச பாத்தியா, அங்கதான் நீ மாட்டிகின."

புஷ்பாவுக்கு இப்போதுதான் புரிந்தது. வேலுவின் கையிலிருந்த தட்டை வாங்கி மேஜையில் வைத்தார். கணவரிடம் கத்தவில்லை. "எழுந்து போ," என்றார். "அந்த ஊட்டாண்ட போயி உன் வாயாலயே சொல்லிட்டு வா. அப்பறம் சாப்பாடு."

*

ஆவடி திரும்பியபோது உதயகுமாரும் வந்திருந்தான், ரேணுகா வரச் சொல்லி. ஒல்லியான பையன். தோளில் கான்வாஸ் பை. கூடத்துக்குள் வராமல் வாசற்படியருகே நின்றிருந்தான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு செய்ததைச் சுப்பராயன் சொன்னார். 'திருட்டு' என்ற சொல் வராமல் சொல்ல மிகவும் சிரமப்பட்டார். 'ஒரு சின்ன மாற்றம்' என்றார், 'ஆசையில செஞ்சது' என்றார். ரேணுகா ஒவ்வொரு முறையும் "தெளிவாச் சொல்லுங்க" என்றாள். கடைசியில் தெளிவாகவே சொன்னார். பொருள் மாறிவிட்டதாகச் சொல்லி அட்வான்ஸைத் திரும்ப வாங்க, பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, கடைசியாகப் பெட்டியைத் தொட்டவன் உதயகுமார், வேறு காரணம் எதுவும் இல்லை என்றார்.

லட்சுமணன் பல்லைக் கடித்தார். போலீஸ் என்றார், பஞ்சாயத்து என்றார். பிறகு ட்வீட்டரைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தப் பொட்டால விலை குறையுமா?"

சுப்பராயனால் சும்மா இருக்க முடியவில்லை. "கொஞ்சம் குறையும் சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்று லட்சுமணன் உதயகுமார் பக்கம் திரும்பினார். குரலில் கல்யாணக் களை வந்துவிட்டது. "வாங்க மாப்ள, ஏன் வெளியவே நிக்கறீங்க? இதை மாட்டிடுங்க. நாளைக்கு நல்ல நேரம் ஒன்பதரைக்கு. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

உதயகுமார் வந்தான். டூப்ளிகேட்டுகளைக் கழற்றி, பழைய ஜோடியைக் குமிழில் விரல் படாமல் பொருத்தினான். முடுக்கியதும் எழுந்து தன் பையை எடுத்து, கூடத்தின் நடுவில் கவிழ்த்துக் கொட்டினான். கட்டிங் பிளேயர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப், பாதி சாப்பிட்ட கடலை மிட்டாய் பாக்கெட் எல்லாம் தரையில் சிதறின.

"ஏன் மாப்ள இதெல்லாம்..." என்றார் லட்சுமணன்.

"பாத்துக்கங்க மாமா. நீங்க பாத்துட்டா நான் கெளம்பிடுவேன். குவார்ட்டர்ஸ்ல இருந்து யாரோ எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்க. நேத்துல இருந்து அது பச்சத்தண்ணி குடிக்கல. அதுக்கு நான் போயி இன்னா சொல்லுவேன், ட்வீட்டர் கெடச்சிடுச்சின்னா?"

லட்சுமணன் என்னைப் பார்த்தார். என்னிடம் அதற்கு விசாரணை முறை எதுவும் இல்லை.

ரேணுகா தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடி அவனிடம் கொடுத்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "நாளைக்கு அவங்க இங்க வர வேண்டாம்ப்பா. நீங்க இன்னிக்கு அங்க போங்க. அத்தைகிட்ட பேசுங்க. அவங்க சரின்னா தட்டு மாத்தலாம்."

"நானா? பொண்ணோட அப்பன் போயி..."

"ஆமாப்பா."

உதயகுமார் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். லட்சுமணன் உள்ளே போனார். வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார், கையில் நாளைக்கென்று வாங்கிய பழங்கள் அடுக்கிய தட்டோடு.

"சென்னீர்குப்பம் வரைக்கும் வண்டி வருமா தம்பி?" என்று வேலுவிடம் கேட்டார்.

"தாராளமா வரும் நைனா. சுப்பராயன் சாரும் வந்து அந்தம்மாகிட்ட சொல்லட்டும். மன்னிப்பு கேக்கறவங்க ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு."

லட்சுமணன் சுப்பராயனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆட்டோவில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.